இயல்பு மூன்று

"செல்லுக்குள்ளே ஒருத்தன் இருக்கான். அவன் வெட்டமாட்டான், எரிக்கமாட்டான், புதுசா எதையும் செய்யமாட்டான். சும்மா நிப்பான். ஆனா அவனை…"

அதற்கு மேல் அய்யாதுரைக்கு நினைவில்லை.

ஆய்வகத்தின் ஆண்டு விழாவில் பழைய இயக்குநர் பேசியது. எண்பது வயது அவருக்கு. மைக்கை விட்டு விலகி விலகிப் பேசினார். பாதி காற்றோடு போயிற்று.

"ஆனா அவனை என்ன செய்யணும்னு சொன்னார் மேடம்?"

ஆசிரியை ரெஜினா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கும் ஞாபகமில்ல சார். அதுக்குள்ள பந்தியில சாம்பார் வாசனை வந்துடுச்சு."

அய்யாதுரைக்கு நாற்பத்தேழு வயது. ஆசிரியைக்கு நாற்பத்தொன்று. கல்லூரியில் பதினெட்டு வருடம் விலங்கியல் நடத்திவிட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு ஆசிரியையிடம் முனைவர் பட்டத்துக்கு வந்தவர் அய்யாதுரை. அவர் ஆசிரியையை மேடம் என்பார். ஆசிரியை அவரைச் சார் என்பார். இதில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வாரம் பிடிபடாது.

ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"அதை ஏன் இப்போ கேக்கறீங்க?"

அய்யாதுரை கையிலிருந்த எக்ஸ்ரே பிலிமை விளக்குப் பெட்டியின் மேல் வைத்தார்.

அவருடைய ஐந்து வருட ஆராய்ச்சியே சும்மா நிற்கிற அந்த ஒருவனைப் பற்றியதுதான். இணைப்புப் புரதம் என்று பெயர்.

ரத்தம் செய் என்று சிறுநீரகத்திலிருந்து ஒரு சேதி கிளம்பும். செல்லின் மேல்தோலில் அது வந்து தட்டும். தட்டியதும் உள்ளே ஒரே ஆரவாரமாகிவிடும். போதும் என்று அதை அடக்கத் தெரிந்தவன் வேறொரு மூலையில் இருப்பான். அவனுக்கும் ஆரவாரத்துக்கும் நேரடி அறிமுகம் கிடையாது. இணைப்புப் புரதம் ஒரு கையால் ஆரவாரத்தைப் பிடிக்கும், மறு கையால் அவனைப் பிடிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. பிறகு சத்தம் அடங்கும்.

பிலிமில் அந்த ஆரவாரம் கறுப்புப் பட்டையாகத் தெரியும். சேதி தட்டிய ஐந்தாம் நிமிடம் கன்னங்கரேல். முப்பதில் சாம்பல். அறுபதில் பட்டையே இருக்காது.

இந்தப் பிலிமில் அறுபதாம் நிமிடமும் கன்னங்கரேலென்று இருந்தது.

ஆசிரியை குனிந்து பார்த்தார்.

"நோயாளியோட சாம்பிளா?"

"இல்ல மேடம். இயல்பு மூணு."

இயல்பு என்றால் நோயில்லாதவர். நோயாளியின் ரத்தத்தை ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே, அதற்காக. குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

"லேபிள் மாறியிருக்கும்."

"மாறல. மூணு தடவை செஞ்சு பார்த்துட்டேன். மரபணுவையும் படிச்சாச்சு. ஒரே ஒரு எழுத்து வேற மாதிரி இருக்கு. அந்தப் புரதத்தோட பிடிக்கிற கையில."

"அப்ப இந்த ஆளுக்கு ரத்தம்…"

"கூடிட்டே போகும். கெட்டியாகும். எங்கயாவது உறையும் மேடம். மூளையில உறையலாம்."

ஆசிரியை நிமிர்ந்தார்.

"யாரு இயல்பு மூணு?"

அய்யாதுரை வாயைத் திறந்தார். ஆசிரியை சட்டென்று கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இருங்க. சம்மதப் படிவத்துல அவரோட கையெழுத்து இருக்கா?"

"இல்ல."



*

மார்ச் மாதம் நடந்தது அது.

ஆரோக்கியமான ரத்தம் வேண்டுமென்றால் ஆய்வகத்துக்காரர்கள் வெளியே அலைவதில்லை. ஒருவர் கையை ஒருவர் நீட்டிக்கொள்வார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நீட்டுவார்கள். அன்றைக்கு மூன்றாவதாக வர வேண்டிய மாணவிக்குக் காய்ச்சல். செல் வளர்ப்பதற்கான திரவமெல்லாம் கலந்து வைத்தாயிற்று. நாளைக்கு அது கெட்டுவிடும்.

அந்த நேரம் பார்த்து நைட்ரஜன் வண்டி வந்தது.

செவ்வாய்தோறும் வரும். அதை ஓட்டிவருகிறவர் சிக்கந்தர். செல்களை உறைய வைத்துக் காப்பாற்றும் திரவ நைட்ரஜனை, புகையப் புகையத் தொட்டிகளில் ரொப்பிவிட்டுப் போவார். நல்ல தேகக்கட்டு, செக்கச் சிவந்த முகம். இவரைவிட ஆரோக்கியமான மனிதரை எங்கே தேடுவது என்று அய்யாதுரைக்குத் தோன்றியது.

சிக்கந்தர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுச் சிரித்தார்.

"எடுத்துக்கோங்க வாத்தியாரே. நம்மகிட்ட நெறையவே இருக்கு."

கையெழுத்தை அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று அய்யாதுரை நினைத்தார். அடுத்த வாரம் மறந்தார். அதற்கடுத்த வாரம் கேட்கக் கூச்சமாக இருந்தது. பிறகு, எல்லோரிடமும் சம்மதம் வாங்கியாயிற்று என்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தத் தாளின் அடியில் ஆசிரியையின் கையெழுத்தும் இருந்தது.

குழுவுக்குத் தெரிந்தால் ஆய்வேடு போய்விடும். ஐந்து வருடம் போய்விடும். பொய் எழுதிக் கொடுத்தவர் என்ற பெயரோடு கல்லூரிக்குத் திரும்ப வேண்டும். ஆசிரியையின் ஆய்வகத்தையே பூட்டினாலும் பூட்டுவார்கள்.

"நான் என்ன செய்யணும் மேடம்?"

ஆசிரியை சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"இன்னைக்குச் செவ்வாய். நைட்ரஜன் வந்திருக்கும். கீழ போய்க் கூட நின்னு ரொப்பிட்டு வாங்க."

அய்யாதுரை இன்னும் பெயரையே சொல்லவில்லையே. தெரிந்து சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா?

ஆசிரியையின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

*

தொட்டியறையின் தரையில் வெள்ளைப் புகை தவழ்ந்துகொண்டிருந்தது. சிக்கந்தர் தடித்த கையுறை மாட்டிக்கொண்டு குழாயைப் பிடித்திருந்தார்.

"வாங்க வாத்தியாரே! மேல்மாடி ஆளுங்கல்லாம் கீழ இறங்கி வர்றீங்க. இன்னைக்கு மழைதான்."

அவர் ரொப்பிக்கொண்டிருந்த தொட்டிக்குள், நாலாவது தட்டில், அவருடைய செல்களே உறைந்து கிடந்தன. வாராவாரம் அவரே வந்து அவற்றுக்குக் குளிர் ஊற்றிவிட்டுப் போகிறார். அது அவருக்குத் தெரியாது. அய்யாதுரை தொட்டியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முகம் ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"நம்ம கலரே அதான் சார். பொண்ணு பார்க்கப் போனப்பவே மாமியார் அசந்துட்டாங்க."

"தலைவலி ஏதும் உண்டா?"

"தினமும்தான். நாள் பூரா வண்டிச் சத்தத்துல உக்காந்தா வலிக்காதா? அதை விடுங்க, குளிச்சா உடம்பெல்லாம் அரிக்குது. மூணு சோப்பு மாத்திட்டேன். தண்ணி சரியில்லைங்கறா வீட்ல. தண்ணிய மாத்தணும்னா வீட்டை மாத்தணும். அதுக்கு வீட்டுக்காரியையே மாத்திடலாம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தொட்டியறை அதிர்ந்தது.

அய்யாதுரையால் சிரிக்க முடியவில்லை. புத்தகத்தில் இருக்கும் அறிகுறிகளை யாரோ ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பது போல இருந்தது.

"விரல் எரியுமா?"

சிக்கந்தர் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இந்தக் குளிரைத் தொட்டுத் தொட்டுத்தான்னு நெனச்சேன்." பிறகு, ஏதோ நினைவு வந்தவராக, "ஆமா, அன்னைக்கு எடுத்தீங்களே, நம்ம ரத்தம் என்ன ஆச்சு? பாஸா, ஃபெயிலா?"

புகை இருவருடைய முழங்காலையும் மறைத்திருந்தது.

"பாஸ்," என்றார் அய்யாதுரை.

அந்தச் சொல் எப்படி வாயிலிருந்து விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்!" சிக்கந்தர் கையுறையோடு அவர் தோளில் தட்டினார். "ஆஸ்பத்திரிக்குப் போங்க, ரத்தம் பாருங்கன்னு ஒரு மாசமா வீட்ல நச்சரிப்பு. பெரிய லேப்லயே பார்த்தாச்சு, பாஸ்னு சொல்லிட்டாங்கன்னு போய்ச் சொல்றேன். இனிமே வாயத் திறக்கமாட்டா."

"இல்ல… எதுக்கும் வெளிய ஒரு தடவை பார்த்துருங்களேன்."

"உங்களைவிடவா வாத்தியாரே?"

வண்டி போய்விட்டது. தரையில் புகை கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. அய்யாதுரை தன் கால்களைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார்.

*

"பாஸ்னு சொல்லிட்டேன் மேடம்."

அய்யாதுரையே தொடர்ந்தார்.

"நம்ம பிலிம் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் கிடையாதே. தப்பா இருந்தா? ஒரு மனுஷனை வீணா நடுங்க வைக்கலாமா?"

"கூடாது."

"சரியா இருந்தா?"

"அதையும் நீங்களே கேட்டுட்டீங்க."

அய்யாதுரை நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"பேரு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார் ஆசிரியை.

"என் நோட்டுல. கடைசிப் பக்கம். வேற எங்கயும் இல்ல."

"கிழிச்சிடுங்க."

அய்யாதுரை திடுக்கிட்டார். ஆனால் ஒரு மாதமாக யாராவது இதைச் சொல்லமாட்டார்களா என்றுதான் அவர் காத்திருந்தார். நோட்டை விரித்தார். கடைசிப் பக்கத்தைச் சர்ரென்று கிழித்தார். நாலாக்கினார், எட்டாக்கினார், பதினாறாக்கி மஞ்சள் குப்பைத் தொட்டியில் போட்டார். மார்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல மூச்சு விட்டார்.

"இயல்பு மூணு யாரு?" என்று கேட்டார் ஆசிரியை.

பெயர் தொண்டைவரை வந்து நின்றது.

ஆசிரியை நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

"இன்னும் பொடியாக் கிழிக்கணுமோ என்னமோ," என்றார்.

*

அந்த நான்கு நாட்களும் அய்யாதுரைக்கு நாட்களாக இல்லை.

சாலையில் ஆம்புலன்ஸ் கத்தினால் சாப்பிடுகிற கை நின்றுவிடும். குளிக்கும்போது தனக்கே உடம்பு அரிப்பது போலிருந்தது. கைபேசியில் சிக்கந்தரின் எண்ணை எடுத்து வைத்துக்கொள்வார். அழுத்துவதற்குள் முதல் வாக்கியம் வேண்டும். உங்களுக்கு ஒன்றுமில்லை என்று தொடங்கலாம் என்றால், அதுதான் பொய். உங்களுக்கு ஒன்று இருக்கிறது என்று தொடங்கினால், அடுத்த கேள்வி நிச்சயம்: அப்புறம் ஏன் பாஸ்னு சொன்னீங்க?

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

சனிக்கிழமை காலை ஆசிரியையின் முன்னால் போய் நின்றார்.

"ஒரு முடிவுக்கு வந்துட்டேன் மேடம்."

"சொல்லுங்க."

"நான் ஒண்ணும் செய்யப்போறதில்ல. அவருக்கு நல்லது செய்யறேன்னு கிளம்பவும் வேண்டாம், கெடுதல் செய்யவும் வேண்டாம். ஒதுங்கிக்கறேன். அவருக்கு முடியலைன்னா அவரே டாக்டர்கிட்ட போவார். ஊர்ல எல்லாரும் அப்படித்தானே போறாங்க?"

"சரி. உக்காருங்க. வாய்மொழித் தேர்வுக்கு ஒத்திகை பார்த்துடலாம்."

அய்யாதுரைக்கு நிம்மதியாக இருந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்வது அவருக்குக் கைவந்த வேலை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆசிரியை தேர்வாளரைப் போலக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டார். பிலிமை விளக்கில் வைத்தார்.

"அறுபதாம் நிமிஷத்துல இந்தப் பட்டை ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு மிஸ்டர் அய்யாதுரை?"

"இணைப்புப் புரதம் பழுது மேடம்."

"பழுதுன்னா? செல்லுக்கு அது கெடுதல் செஞ்சுதா?"

"இல்ல மேடம்."

"சேதியைத் திரிச்சுச் சொல்லிச்சா?"

"இல்ல. அதுக்கு அந்தச் சக்தியே கிடையாது."

"அடக்க வந்தவனை வராதேன்னு தடுத்துச்சா?"

"இல்ல மேடம். அவன் அவன் இடத்துல நல்லாத்தான் இருக்கான்."

"இவ்வளவு கறுப்பு. அப்ப அது என்னதான் செஞ்சுது?"

"ஒண்ணும்…"

அய்யாதுரை நிறுத்தினார்.

"தேர்வாளர் காத்திட்டிருக்கார் சார்."

அய்யாதுரையின் காது மடல்கள் சூடாயின. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"உங்களுக்கென்ன மேடம், சுலபமாச் சொல்லிட்டுப் போயிடுவீங்க."

"நான் எதுவும் சொல்லலையே. கேட்டேன்."

*

செவ்வாய்க்கிழமை நைட்ரஜன் வண்டியின் சத்தம் கேட்டதும் அய்யாதுரை படியிறங்கினார். இன்றைக்கு எப்படியாவது, ஏதாவது சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். அரிப்பு பற்றிப் பேச்செடுக்கலாம். தன் மாமனாருக்கும் இப்படி வந்ததாக ஒரு கதை கட்டிச் சொல்லலாம்.

தொட்டியருகே நரைத்த மீசையோடு வேறு யாரோ குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சிக்கந்தர் எங்க?"

"வரல சார். காலைல டீ குடிக்கறப்ப இடது கை மரத்துப் போச்சாம். டம்ளரைக் கீழ போட்டுட்டார். கால் மணி நேரத்துல சரியாயிடுச்சு, படுத்திருக்கார்."

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"நான்கூடக் கூப்பிட்டேன், வண்டிலயே இறக்கி விடறேன்னு. அவங்க வீட்லயும் அழுவுது. மனுஷன் அசையமாட்டேங்கறார். எங்கயோ பெரிய டெஸ்ட்ல பாஸாயிட்டாராம்."

அய்யாதுரை கைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழுத்தினார். அதே குரல், அதே பதில்.

"வீடு எங்க இருக்கு தெரியுமா?"

"மார்க்கெட் பின்னாடி, பள்ளிவாசல் தெரு சார். பச்சைக் கதவு."

படிகள் எத்தனை என்று தெரியவில்லை. இரண்டு மாடியும் ஓடியே ஏறினார். ஆசிரியையின் அறைக்கதவைத் தட்டாமலே உள்ளே போனார்.

"இயல்பு மூணு சிக்கந்தர் மேடம்."

இந்தத் தடவை ஆசிரியை கையைத் தூக்கவில்லை.

அய்யாதுரை நடந்ததைச் சொன்னார். மரத்துப்போன கை, டம்ளர், பாஸ்.

"நான் போய்ச் சொன்னா, எப்படித் தெரியும்னு கேப்பாங்க. டாக்டர் கேப்பார். எல்லாம் வெளிய வந்துடும்."

"வரும்."

"என் ஆய்வேடு போயிடும்."

"போகலாம்."

"உங்க லேபே போயிடும் மேடம். அந்தத் தாள்ல உங்க கையெழுத்தும் இருக்கு."

"இருக்கு."

"உங்களுக்குப் பயமாவே இல்லையா?"

ஆசிரியை வலது கையை மேசைக்கு மேலே நீட்டினார்.

விரல்கள் ஐந்தும் நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் அதை மறைக்கவில்லை, அடக்கவும் முயலவில்லை. அய்யாதுரை பார்த்து முடிக்கும்வரை அப்படியே வைத்திருந்தார்.

பிறகு அதே கையால் விளக்குப் பெட்டியின் மேலிருந்த பிலிமை எடுத்தார். பிலிம் நடுங்கி, படபடவென்று சின்னதாகச் சத்தம் போட்டது. கீழே விழவில்லை.

அதை அவரிடம் நீட்டினார்.

"பிடிங்க," என்றார்.

அய்யாதுரை மறு விளிம்பைப் பிடித்தார்.

முதலில் பள்ளிவாசல் தெருவுக்குப் போய் உள்ளதைச் சொல்லிச் சிக்கந்தரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, பிறகு நெறிமுறைக் குழுவுக்குத் தன் கைப்பட எழுதிக் கொடுப்பது என்று அய்யாதுரை முடிவு செய்தார்.